வேப்பங்குச்சியும் வெட்கமும்

உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்து, உடையவருக்கு மட்டும் தெரியாத சங்கதிகள் இரண்டு உண்டு. ஒன்று குறட்டை, மற்றொன்று வாய்நாற்றம். குறட்டையைப் பற்றியாவது விடிந்ததும் கேலியாகச் சொல்லிவிடுவார்கள். வாய்நாற்றத்தை யார் சொல்வது? கொடுத்த கடனை நாலுபேர் நடுவில் திருப்பிக் கேட்கும் தைரியசாலிகூட, கடன்காரரின் வாயிலிருந்து வரும் வாடையைப் பற்றி வாய் திறக்கமாட்டார். முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்வார், இரண்டடி பின்வாங்குவார், அவ்வளவுதான்.

சொல்ல முடியாத இந்த ஒரு விஷயத்துக்காக மனிதர்கள் எத்தனை மரங்களை ஒடித்திருக்கிறார்கள், எத்தனை சரக்குகளை இடித்திருக்கிறார்கள் என்று ஒருமுறை தேடிப் பார்த்தேன். யுத்தங்களும் பட்டாபிஷேகங்களும் நிறைந்த சரித்திரப் புத்தகங்களில் இதற்கு இடம் கிடையாது. வைத்திய நூல்களிலும், யாத்திரிகர் குறிப்புகளிலும், பிற்காலத்து விளம்பரங்களிலும் ஒளிந்து கிடக்கிறது. எடுத்துக் கோத்துப் பார்த்தால் விசித்திரமான கதைதான்.

ஆலையும் வேலையும் பல்லுக்கு உறுதியாகச் சொல்லும் பழமொழி நம் நாட்டில் குழந்தைகளுக்கும் தெரியும். வேல் என்றால் முருகன் கையில் இருக்கும் வேலல்ல, கருவேல மரம். இந்தப் பழமொழிக்குப் பின்னால் மிகப் பழைய வைத்திய சாஸ்திரம் இருக்கிறது. சரகர் பெயரால் வழங்கும் நூல், நாளைக்கு இரண்டு வேளை பல் துலக்க வேண்டும் என்கிறது. துவர்ப்பு, கார்ப்பு, கசப்பு என்னும் சுவையுடைய குச்சிகளே உகந்தவை. ஈறு புண்படாமல் தேய்க்க வேண்டும். புங்கு, எருக்கு, அலரி, மருது, வேங்கை என்று மரங்களின் பட்டியலும் உண்டு. இப்படிச் செய்வதன் முதல் பலனாக அந்த நூல் கூறுவது, நாற்றம் நீங்கும் என்பதுதான்.

சரகர் அத்தோடு நிற்கவில்லை. நாக்கு வழிக்கும் கருவியைப் பற்றியும் பேசுகிறார். பொன், வெள்ளி, தாமிரம், ஈயம், பித்தளை ஆகிய எதிலும் செய்யலாம், முனை கூராக இருக்கக்கூடாது, வளைந்திருக்க வேண்டும். நாக்கின் அடிப்பகுதியில் சேரும் அழுக்கே துர்நாற்றத்தைத் தருகிறது என்று அவர் காரணமும் காட்டுகிறார். வாசகர்கள் இந்த வாக்கியத்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு ஒரு சாட்சி வரப்போகிறார்.

சுசுருதர் அறுவை வைத்தியர் அல்லவா? அவருடைய நூலில் கணக்கு இன்னும் கறாராக இருக்கிறது. குச்சி பன்னிரண்டு அங்குல நீளம், சுண்டுவிரல் பருமன், கணு இருக்கக்கூடாது. அங்குலம் என்றால் ஸ்கேலில் உள்ள அங்குலம் அல்ல, விரற்கடை. கசப்புக்கு வேம்பு, துவர்ப்புக்குக் கருங்காலி, கார்ப்புக்குப் புங்கு, இனிப்புக்கு இலுப்பை என்று ஒவ்வொரு சுவைக்கும் ஒரு மரத்தைச் சிறந்ததாகப் பொறுக்குகிறார். குச்சியோடு சேர்த்துத் தேய்க்க ஒரு மருந்தும் சொல்கிறார்: தேன், சுக்கு, மிளகு, திப்பிலி, எண்ணெய், இந்துப்பு. பொடியைத் தேனிலும் எண்ணெயிலும் குழைத்தால் என்ன ஆகும்? பசை ஆகும். மூலிகைப் பற்பசை ஏதோ நேற்றைய வியாபாரிகளின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கலாம். வாய்ப்புண், இருமல், விக்கல், வாந்தி உள்ளவர்கள் குச்சியைத் தொடக்கூடாது என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது. எல்லோருக்கும் எப்போதும் நல்லது என்று சொல்லி விற்க அவருக்குக் கடை இல்லை. ஆகவே யாருக்கு ஆகாது என்பதையும் சொல்லிவிட்டார்.

பௌத்த சங்கத்தின் விதிகளில் பல்குச்சிக்கு ஒரு வேடிக்கையான இடம் உண்டு. குச்சி மெல்லாவிட்டால் வரும் ஐந்து கெடுதல்களில் ஒன்றாக வாய்நாற்றம் எண்ணப்படுகிறது. இதைக் கேட்ட துறவிகளில் சிலர் மிக நீண்ட குச்சிகளைத் தயார் செய்துகொண்டு, அவற்றாலேயே சின்னத் துறவிகளை அடிக்கத் தொடங்கினார்களாம். எட்டு விரற்கடைக்கு மேல் நீளம் கூடாது என்று விதி பிறந்தது. பிறகு இன்னொரு துறவி மிகக் குட்டையான குச்சியை மென்றார். அது தொண்டையில் சிக்கிக்கொண்டது. நான்கு விரற்கடைக்குக் குறையக்கூடாது என்று மற்றொரு விதி பிறந்தது. சட்டங்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்த வழக்கத்தைக் கண்ணால் கண்டு எழுதிவைத்தவர் சீன யாத்திரிகர் இத்சிங். 671-ம் ஆண்டு கடல் வழியாகப் புறப்பட்டு இந்தியா வந்தவர். நாளந்தாவில் சுமார் பத்து வருஷம் தங்கிப் படித்தவர். தினமும் காலையில் எல்லோரும் சுண்டுவிரல் பருமனுள்ள குச்சியின் ஒரு முனையை மென்று பல் துலக்குவதையும், பிறகு அதே குச்சியைப் பிளந்து வளைத்து நாக்கை வழிப்பதையும் அவர் விவரிக்கிறார். சீனத்தில் இதை வில்லோ மரக் கிளை என்று அழைப்பது தவறு, இந்தியாவில் அந்த மரமே அரிது என்று தம் நாட்டாரைத் திருத்தவும் செய்கிறார்.

அவர் குறிப்பிடும் ஒரு விதிதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. வாய் சுத்தம் செய்யாதவன் பிறரை வணங்கக்கூடாது. அவனுடைய வணக்கத்தை மற்றவர் ஏற்கவும் கூடாது. அப்படி நடந்தால் வணங்கியவர், வணங்கப்பட்டவர் இருவர் மேலும் குற்றம். அந்த மடாலயத்தில் வாய்ச் சுத்தம் அழகுக்காக ஏற்பட்டதல்ல. எதிரில் நிற்கும் மனிதருக்குச் செய்யும் மரியாதை அது.

இந்த மரியாதை ராஜாக்களுக்கும் பண்டிதர்களுக்கும் மட்டும் உரியதாக இருந்துவிடவில்லை. அரபு நாட்டில் மிஸ்வாக் என்னும் குச்சி மார்க்கத்தோடு சேர்ந்த நல்வழக்கமாயிற்று. நம் ஊர்ப் பள்ளிவாசல் வாசல்களிலும் அது இன்றும் விற்பனையாகிறது. வயலுக்குப் போகிற குடியானவர் வரப்போரத்து வேம்பில் ஒரு குச்சியை ஒடித்தால் போதும்; காலணா செலவில்லை.

குச்சி மெல்ல முடியாத குழந்தைகளுக்கும் கிழவர்களுக்கும் வந்ததுதான் பல்பொடி. எங்கள் தெருக் கடைகளில் பற்பசை அடுக்கடுக்காக வந்து இறங்கிய பிறகும், எங்கள் பாட்டி பல்பொடி இடிப்பதை நிறுத்தவில்லை. கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோல், கருவேலம்பட்டை, வேப்பம்பட்டை, சுக்கு, கிராம்பு, வறுத்த இந்துப்பு: இவ்வளவுதான் சரக்கு. பட்டைகளை நிழலில் உலர்த்துவாள். உரலில் இடித்து, சல்லடையில் சலித்து, அதன் பிறகு மெல்லிய துணியில் வஸ்திரகாயம் செய்வாள். கடைசி வேலைதான் பெரிய வேலை. இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்க்கும்போது மணல்போல ஒரு துகள் நெருடினாலும், திரும்ப உரலுக்குப் போகும். "பல் என்ன பித்தளைப் பாத்திரமா, புளிபோட்டுத் தேய்க்க?" என்பாள். ஈறு நொந்தவர்களுக்கு உள்ளங்கையில் சிறிது பொடியை வைத்து, இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக் குழைத்துக் கொடுப்பாள். அவள் சுசுருதர் பெயரைக் கேட்டிருக்கமாட்டாள். ஆனால் அவருடைய பசை அவள் உள்ளங்கைக்கு எப்படியோ வந்து சேர்ந்திருந்தது.

என் பெரியம்மா ஒருத்தி எப்போதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுவாள். யாராவது எதிரே வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். எவ்வளவு அடக்கமான பெண் என்று ஊரே மெச்சிற்று. கல்யாணமான புதிதில் புருஷன் ஒரு நாள் சொன்ன ஒரே ஒரு வார்த்தைதான் அந்த அடக்கத்துக்குக் காரணம் என்பது பாட்டிக்கு மட்டும் தெரியும். இருபது வருஷம் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. குழந்தைகளை அருகில் இழுத்து முத்தம் கொடுத்தும் பார்த்ததில்லை. பாட்டியின் பொடி கொஞ்சம் குணம் தந்தது. முழுக் குணம் தரவில்லை. பிறகு பாட்டியே அவளை வலுக்கட்டாயமாகப் பல் வைத்தியரிடம் அழைத்துப் போனாள். ஈறுக்கு அடியில் காரை கட்டிச் சீழ் பிடித்திருந்தது. நாலைந்து தடவை சுத்தம் செய்ததில் நாற்றம் போயிற்று. முந்தானை மட்டும் வாயை விட்டுப் போக இன்னும் பல வருஷங்கள் ஆயின.

இந்த வெட்கத்தை ஒரு பெண்ணின் மனத்தில் ஒரு வார்த்தை உண்டாக்கியது. அதையே கோடிக்கணக்கான மனங்களில் பத்திரிகை அச்சின் மூலம் உண்டாக்கிய கதை அமெரிக்காவில் நடந்தது.

1874-ம் ஆண்டு ஜோசப் வில்லியம் ஹோ என்னும் டாக்டர், மூச்சையும் அதைக் கெடுக்கும் நோய்களையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வாய்நாற்றத்துக்கு 'ஹாலிடோசிஸ்' என்ற லத்தீன் வாடையுள்ள பெயர் அதில் வழங்கியது. டாக்டர்களின் அலமாரிக்குள் அந்த வார்த்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. 1879-ல் செயின்ட் லூயி நகரத்தில் ஜோசப் லாரன்ஸ் என்பவர் ஒரு கிருமிநாசினியைத் தயாரித்தார். அறுவை சிகிச்சையில் கிருமிகளை ஒழிக்க வழிகாட்டிய லிஸ்டர் என்னும் ஆங்கில டாக்டரின் கௌரவத்துக்காக அதற்கு 'லிஸ்டரின்' என்று பெயர் வைத்தார்கள். ரணங்களைக் கழுவுவதற்காகப் பிறந்த மருந்து அது.

1920-களில் அந்த நிறுவனத்தை நடத்திய ஜெரார்ட் லாம்பர்ட்டுக்கு, தூங்கிக்கொண்டிருந்த லத்தீன் வார்த்தை அகப்பட்டது. வாய்நாற்றம் என்று அச்சில் போட்டால் முகம் சுளிப்பார்கள். 'ஹாலிடோசிஸ்' என்றால் கௌரவமான வியாதி! விளம்பரங்கள் கதை சொல்லத் தொடங்கின. அழகும் குணமும் நிறைந்த ஒரு பெண். தோழிகளுக்கெல்லாம் கல்யாணம் ஆகிறது. அவளுக்கு மட்டும் ஆகவில்லை. முப்பது வயது நெருங்குகிறது. காரணம் என்ன? அது அவளுக்கே தெரியாது, உயிர்த்தோழியும் சொல்லமாட்டாள். கதை எழுதுகிறவன் என்ற முறையில் நான் அந்த விளம்பரக்காரரின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். நான் முந்நூறு பக்கத்தில் செய்யப் பாடுபடுவதை அவர் அரைப் பக்கத்தில் செய்துவிட்டார். படிக்கிறவள் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் கையைக் குவித்து மூச்சுவிட்டு முகர்ந்து பார்த்தாள். உடனே கடைக்கு ஆள் அனுப்பினாள்.

நாளந்தாவில் மரியாதையாக இருந்தது இங்கே பயமாக மாறிவிட்டது. முன்னதில் நினைவு எதிரே நிற்பவரைப் பற்றியது. பின்னதில் நினைவெல்லாம் தன்னைப் பற்றியது. மரியாதைக்கு ஓர் எல்லை உண்டு. வாய் சுத்தமானால் முடிந்தது. பயத்துக்கு எல்லை கிடையாது. அதனால் பயத்தில் வியாபாரம் செய்கிறவருக்குச் சரக்கு என்றும் விலைபோகும்.

ஒரு வேடிக்கை. அந்த மேல்நாட்டுப் புட்டியிலும் மூலிகைச் சத்துகள் இருந்தன. புதினாவின் மெந்தால் இருந்தது, யூகலிப்டஸ் மரத்தின் சத்து இருந்தது, தைமால் இருந்தது. தைமால் என்பது வேறொன்றும் அல்ல. நம் வீட்டு ஓமத்தை நசுக்கினால் மூக்கில் ஏறுகிறதே, அந்த மணம்தான்.

பற்பசையும் இதற்குள் உருவம் மாறியிருந்தது. கோல்கேட் நிறுவனம் 1873-ல் பற்பசையை ஜாடியில் அடைத்து விற்றது. குடும்பமே ஒரு ஜாடியில் பிரஷை முக்கி எடுப்பது சுத்தமாகாது என்று தோன்றியதோ என்னவோ, 1892-ல் கனெக்டிகட்டைச் சேர்ந்த ஷெஃபீல்ட் என்னும் பல் டாக்டர் அமுக்கினால் பிதுங்கும் குழாயில் பற்பசையை அடைத்தார். 1896-ல் கோல்கேட்டும் குழாய்க்கு மாறியது. 1937-ல் அந்த நிறுவனத்தின் இந்தியக் கிளை பதிவாயிற்று.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. 1913-ம் ஆண்டு மைசூர் சமஸ்தானத்து நஞ்சன்கூட்டில் பண்டிதர் ஒருவர் தொடங்கிய சத்வைத்யசாலையின் பல்பொடி, காவேரியைக் கடந்து நம் வீட்டு மாடங்களில் வந்து உட்கார்ந்தது. நஞ்சன்கூடு பல்பொடி என்றால் பழைய தலைமுறைக்கு இன்றும் நாக்கில் அந்த ருசி வரும். 1916-ல் ஆரம்பித்த கல்கத்தா கெமிக்கல் நிறுவனம், வேம்பிலிருந்து மார்கோ சோப்பும் வேப்பம் பற்பசையும் செய்தது. வேப்பங்குச்சியைக் குழாய்க்குள் அடைத்த சுதேசிச் சாமர்த்தியம் என்று இதைச் சொல்லலாம். 1952-ல் பம்பாயில் தொடங்கிய விக்கோ நிறுவனம், வஜ்ரதந்தி என்னும் மூலிகைப் பொடியைக் கொண்டுவந்தது.

அந்த விக்கோவால் ஒரு சுவையான கேள்வி கோர்ட்டு ஏறியது. பல்பொடி மருந்தா, அலங்காரப் பொருளா? மருந்தென்றால் தீர்வை குறைவு. அலங்காரம் என்றால் அதிகம். 1978-ல் கிளம்பிய தகராறு பல படிகள் ஏறி, 2004-ல் சுப்ரீம் கோர்ட்டில் நிறுவனத்தின் பக்கம் தீர்ந்தது. ஆனால் 1995-ல் பைத்யநாத் நிறுவனத்தின் சிவப்புப் பல்பொடி விஷயத்தில் தீர்ப்பு நேர்மாறாக இருந்தது. வைத்தியர் எழுதிக் கொடுத்துச் சில நாள் சாப்பிடுவதே மருந்து. தினமும் காலையில் எல்லோரும் தேய்ப்பதை ஜனங்கள் மருந்தாக நினைப்பதில்லை என்பது அங்கே எடுபட்ட வாதம். சரகரைக் கேட்டிருந்தால், தினமும் செய்வதனால்தான் நோய் வருவதில்லை என்று சொல்லியிருப்பார். ஆனால் அவர் சாட்சிக் கூண்டில் ஏற முடியாதே!

அவருக்காக வேறொருவர் சாட்சி சொன்னார். நான் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன வாக்கியத்தின் சாட்சி இவர்தான். கனடாவில் ஜோசப் டோன்செடிச் என்னும் ஆராய்ச்சியாளர், 1960-களிலிருந்து வாய்க்காற்றைக் கருவிகளால் அளந்து பார்த்தார். நாற்றத்துக்கு முக்கியக் காரணம் கந்தகம் கலந்த வாயுக்கள் என்று காட்டினார். வாயில் தங்கும் உணவின் புரதத்தையும் உதிர்ந்த தோலையும் நுண்கிருமிகள் சிதைக்கும்போது அவை பிறக்கின்றன. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் காலையில் அதிகமாகின்றன. அவை பெருவாரியாகப் பிறக்கும் இடம் எது? நாக்கின் பின்புறம், அடிநாக்கு!

இதற்காக நம் பழமையை ஒரேயடியாகத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ளவும் வேண்டாம். வாய் மணக்கச் சாதிக்காய், கிராம்பு, ஏலம், வெற்றிலை ஆகியவற்றோடு பாக்கையும் அடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். பாக்கு புற்றுநோய் தரும் என்று இன்று நிச்சயமாகத் தெரியும். செங்கல் தூளும், காவிக்கல்லும் கலந்த பொடிகள் பல்லின் எனாமலை அரித்துவிடும். புகையிலை கலந்த பற்பொடிகளும் பசைகளும் மூலிகை என்ற பெயரிலேயே உலவின; 1992-ல் சர்க்கார் அவற்றைத் தடைசெய்ய வேண்டியிருந்தது. கிராம்பில் கிருமியை அடக்கும் சத்து உண்டு. கடுக்காயின் துவர்ப்பு ஈறை இறுக்கும். வேம்பின் கசப்பும் வீண்போவதில்லை. ஆனால் பல் சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு பாட்டியின் பொடியில் கிடையாது. ஈறுக்கு அடியில் கட்டிய காரையை எந்த மூலிகையும் கரைக்காது. பல் வைத்தியரின் கருவிதான் சுரண்ட வேண்டும். தொண்டைச் சதையிலோ, மூக்கிலோ, சர்க்கரை வியாதியிலோ பிறக்கும் வாடைக்குப் பல்லை எவ்வளவு தேய்த்து என்ன பயன்? மணத்தைப் பூசி நாற்றத்தை மறைப்பது அரைமணி நேர நாடகம். புதினா மணம் போனதும் பழைய பாத்திரம் மேடைக்கு வந்துவிடும்.

ஆகவே, வீட்டில் பொடி இடிக்க விரும்புகிறவர்கள் தாராளமாக இடிக்கலாம். மாவைவிட மெல்லியதாக இடிக்கவேண்டும். எதைத் தேய்த்தாலும் நாக்கை வழிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் வாடை போகாவிட்டால் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்ட வேண்டும். இதற்கு மேல் நான் வைத்தியம் சொன்னால் அதிகப்பிரசங்கம்.

கதை எழுதுகிறவனுக்கு உரிய ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். இந்தச் சரித்திரம் முழுவதிலும் நாற்றத்துக்கு மருந்து கண்டவர்கள் பலர். அதை உரியவரிடம் நல்லபடி சொல்வதற்கு வழி கண்டவர்கள் சிலரே. விளம்பரக்காரர் அந்த மௌனத்தில்தான் கடை விரித்தார். உயிர்த்தோழி சொல்லியிருந்தால் அவருக்கு ஏது வியாபாரம்? இத்சிங் கண்ட நாளந்தாவில், வாய் துலக்காமல் வணங்கியவரோடு, அந்த வணக்கத்தைப் பேசாமல் ஏற்றுக்கொண்டவரும் குற்றவாளி. அதன் உட்பொருளை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: முகத்தைத் திருப்பிக்கொள்வது நாகரிகம் அல்ல. தனியே அழைத்துப்போய், தோளில் கைவைத்து, தாழ்ந்த குரலில் சொல்வதுதான் நாகரிகம். அதற்கு எந்தக் கடையிலும் பொடி விற்பதில்லை. நாமேதான் இடித்துக்கொள்ள வேண்டும்.